கார் டயர் காற்று வாங்காதபோது வால்வில் என்ன பார்க்க வேண்டும்

சில வாரங்கள் ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்த காரின் பின்சக்கரம் ஒன்றில் காற்று முழுவதும் இறங்கியிருக்கிறது. காரிலிருந்தே மின்சாரம் எடுக்கும் 12 வோல்ட் சிறு கம்ப்ரசரை இணைத்தால் மோட்டார் ஓடுகிறது, ஆனால் டயர் எழவில்லை. வால்வு கெட்டுவிட்டதா, அதை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா என்பது கேள்வி. பெரும்பாலான சமயங்களில் முடியும் என்பதே என் பதில். ஆனால் கேள்வியில் ஒரு முக்கியமான தகவல் விடுபட்டிருக்கிறது. கம்ப்ரசர் ஓடும்போது அதிலுள்ள அழுத்தமானியின் முள் என்ன செய்தது? அதைக் கவனிக்காமல் வால்வைக் கழற்றுவதும், புது வால்வுக்குப் பணம் கொடுப்பதும் வீண் வேலையாகிவிடக்கூடும்.

கம்ப்ரசரின் அழுத்தமானி உண்மையில் டயரின் அழுத்தத்தைக் காட்டுவதில்லை. குழாய்க்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தைத்தான் காட்டுகிறது. வால்வு திறந்திருந்தால் குழாயும் டயரும் ஒரே அறை போலாகிவிடுவதால் இரண்டு அழுத்தங்களும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். வால்வு திறக்காவிட்டால், காற்றுக்குப் போக வழியில்லாமல் அந்தச் சிறிய குழாய்க்குள்ளேயே அழுத்தம் கூடி, முள் சில விநாடிகளில் 50, 60 பி.எஸ்.ஐ. என்று தாவிவிடும், மோட்டாரின் ஒலியும் திணறலாக மாறும். அப்படி நடந்தால் அடைப்பு வால்விலோ, கம்ப்ரசர் குழாயின் முனையிலோ இருக்கிறது. இதற்கு மாறாக, மோட்டார் இலகுவாக ஓடிக்கொண்டே இருக்க, முள் பூஜ்ஜியத்தை விட்டு நகரவே இல்லை என்றால், காற்று எங்கோ தாராளமாக வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது வால்வைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. மூன்றாவதாக, டயர் ஒழுங்காக எழுந்து, முள்ளும் 30ஐத் தொட்டு, குழாயை எடுத்த உடனே சீறிக்கொண்டு காற்று இறங்கிவிடுவதும் உண்டு. அங்கே வால்வு திறக்கிறது, மூடத்தான் மறுக்கிறது. காற்று ஏறவில்லை என்று எல்லோரும் ஒரே சொல்லால் சொல்லும் இந்த மூன்றும் வெவ்வேறு கோளாறுகள், மருந்தும் வெவ்வேறு.

இன்று கார்களில் இருக்கும் வால்வு ஷ்ரேடர் வால்வு எனப்படுகிறது. நியூயார்க்கைச் சேர்ந்த ஷ்ரேடர் நிறுவனம் 1893இல் இதற்குக் காப்புரிமை பெற்றது; அடிப்படை அமைப்பு அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. வெளியே தெரிகிற ரப்பர் தண்டுக்குள் ஒரு பித்தளைக் குழாய் இருக்கிறது. அதற்குள் மரையிட்டு முறுக்கி இறக்கப்பட்டிருக்கும் சிறிய பொருளைத்தான் பஞ்சர் கடைகளில் வால்வு பின் என்கிறார்கள். அந்தப் பின்னில் இரண்டு அடைப்புகள் உண்டு. ஒன்று, பின்னின் உடலைச் சுற்றியிருக்கும் வளையம். இது குழாயின் உட்சுவரோடு அழுந்தி, பின்னைச் சுற்றிக் காற்று கசியாமல் தடுக்கிறது. மற்றொன்று, நடுவே ஓடும் ஊசியின் அடியிலுள்ள சிறு ரப்பர் அடைப்பான். இதை ஒரு சுருள்வில் மேல்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கிறது. டயருக்குள் இருக்கும் காற்றும் இதே அடைப்பானை உள்ளிருந்து தள்ளுவதால், டயரில் அழுத்தம் கூடக்கூட வால்வு இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்கிறது. ஊசியை வெளியிலிருந்து அழுத்தினாலோ, உள்ளே இருப்பதைவிட அதிக அழுத்தத்தில் காற்று வெளியிலிருந்து வந்தாலோ அது திறக்கும்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். காலியான டயரில் ஊசியை எதிர்த்துத் தள்ள உள்ளே காற்றே இல்லை. மெல்லிய வில் ஒன்றுதான் தடை. அப்படிப்பட்ட வால்வும் திறக்கவில்லை என்றால், ஊசி இயற்கையான நிலையில் இல்லை, எதிலோ சிக்கியிருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் குழாயின் முனையை ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. பெட்ரோல் பங்க்குகளிலும் பஞ்சர் கடைகளிலும் பயன்படும் பல முனைகளுக்குள் தனியாக ஓர் அடைப்பான் இருக்கும்; வால்வின் ஊசி அதன் நடுவே உள்ள பொத்தானை அழுத்தினால்தான் அந்த முனை காற்றை விடும். வால்வின் ஊசி வாயை விட்டு மிகவும் கீழே இறங்கியிருந்தாலும், சற்றே வளைந்திருந்தாலும் இந்தச் சந்திப்பு நிகழாது. நெம்புகோல் போட்டுப் பூட்டும் முனையாக இருந்தால், அதை வால்வின் மேல் முழுவதும் அழுத்தி இறக்கிய பின்பே பூட்ட வேண்டும். பாதியில் பூட்டினால் ஒன்று காற்று பக்கவாட்டில் பீய்ச்சும், அல்லது ஊசி அழுந்தாமலே நிற்கும். முனைக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்து கடினமாகியிருந்தாலும் இதே தொல்லைதான். சந்தேகம் தீர்வதற்கு மிகச் சுலபமான வழி, அதே கம்ப்ரசரைக் காரின் வேறொரு சக்கரத்தில் இணைத்துப் பார்ப்பது. அங்கே இணைத்ததும் முள் நேராக அந்தச் சக்கரத்தின் அழுத்தத்தைக் காட்டினால், கருவியில் பழுதில்லை.

சக்கர மூடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி சிலர் வால்வின் மேல் நீட்டிப்புக் குழாய் ஒன்றைப் பொருத்துவதுண்டு. மலிவான பிளாஸ்டிக் நீட்டிப்புகள் உள்ளிருக்கும் ஊசியைச் சரியாகத் தொடுவதில்லை. அப்படி ஏதேனும் இருந்தால், வேறு எதையும் யோசிப்பதற்கு முன் அதைக் கழற்றிவிட்டு நேரடியாக வால்வில் காற்றடித்துப் பாருங்கள்.

பெட்ரோல் பங்க்கின் தானியங்கிக் கருவியில் முயன்றவர்களுக்கு இன்னொரு குழப்பமும் நேர்கிறது. அத்தகைய கருவிகளில் பல, முதலில் டயருக்குள் ஏற்கெனவே இருக்கும் அழுத்தத்தை உணர்ந்த பிறகே காற்றை விடத் தொடங்குகின்றன. முழுவதும் காலியான டயரை இணைத்தால், குழாய் எதிலும் இணைக்கப்படவில்லை என்றே கருவி எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும். இதற்காகவே பல கருவிகளில் காலி டயருக்கென்று ஒரு தனிப் பொத்தான் வைத்திருக்கிறார்கள்; அதை அழுத்தினால் கருவி உணர்தலுக்குக் காத்திராமல் காற்றைச் செலுத்தும். வால்வு நல்ல நிலையில் இருந்தும் கெட்டுப்போனதாக முடிவு கட்டப்படும் இடங்களில் இதுவும் ஒன்று.

கருவி சரி, முனையும் சரி, ஆனாலும் முள் தாவுகிறது என்றால் இப்போது வால்வு பின்னுக்கு வரலாம். இதற்குத் தேவையானது வால்வு பின்னைக் கழற்றும் சிறிய சாவி. இரு சக்கர வாகன உதிரிபாகக் கடைகளிலேயே கிடைக்கும், விலையும் மிகக் குறைவு. சில உலோக வால்வு மூடிகளின் தலையிலேயே பிளவுபட்ட ஒரு நீட்சி இருக்கும். அதுவும் இதே சாவிதான். ஆனால் சாவியைக் கையில் எடுப்பதற்கு முன் ஜாக்கியை எடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். டியூப்லெஸ் டயரில் காற்றைப் பிடித்து வைத்திருப்பது டயரின் ஓரம் ரிம்மின் உள்விளிம்போடு ஒட்டியிருக்கும் பிடிப்பு மட்டுமே. வண்டியின் எடை மேலே இருக்கும்போது பின்னைக் கழற்றி எஞ்சிய காற்றையும் விட்டுவிட்டால், அந்தப் பிடிப்பு விலகிவிடக்கூடும். அதன் பிறகு பத்து ரூபாய் வேலை பஞ்சர் கடைக்குச் சக்கரத்தைத் தூக்கிச் செல்லும் வேலையாக மாறும். சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கல் வைத்து, சக்கரம் தரையை விட்டு விரற்கடை அளவு எழும்படி தூக்கிக்கொள்ளுங்கள். வண்டி ஜாக்கியில் நிற்கும்போது உடலின் எந்தப் பகுதியும் அதன் அடியில் போகக் கூடாது.

பின்னைக் கழற்றுவதற்கு முன், டயரில் கொஞ்சமேனும் காற்று இருந்தால், ஊசியை அழுத்தி அதை வெளியேற்றிவிட வேண்டும். ஊசி அழுந்தவே மறுக்கிறது, உள்ளே காற்றும் இருக்கிறது என்றால், முகத்தை வால்வுக்கு நேரே வைக்காமல் விலகி நின்று, சாவியை மிக மெதுவாக இடப்புறம் திருப்புங்கள். கடைசி மரை விடுபடும்போது அழுத்தம் இருந்தால் வால்வு பின் குண்டு போலத் தெறிக்கும். கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எழுதும்போது சாதாரணமாகத் தோன்றினாலும், இந்த முழு வேலையிலும் கவனம் மிகவும் தேவைப்படும் நொடி இதுதான்.

பின் வெளியே வந்ததும், வெறும் தண்டின் மீதே கம்ப்ரசரை இணைத்து ஓட்டிப் பாருங்கள். எல்லாச் சந்தேகங்களையும் தீர்க்கும் சோதனை இதுவே. பின் இல்லாத தண்டின் வழியாகக் காற்று தடையின்றி உள்ளே போய் டயர் எழுகிறது என்றால், குற்றவாளி பின் மட்டும்தான். புதுப் பின் போட்டால் வேலை முடிந்தது. பின் இல்லாத நிலையிலும் முள் தாவுகிறது என்றால், அடைப்பு தண்டுக்குள்ளோ அதன் அடியிலோ இருக்கிறது.

கழற்றிய பின்னைக் கையில் வைத்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும். மூடி இல்லாமல் ஓடிய வால்வில் மண்ணும் ஈரமும் சேர்ந்து இறுகியிருக்கும். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறி, ஊசி அசையாமல் நிற்கும். கடலோர ஊர்களில், உப்புக் காற்றில் நிற்கும் வண்டிகளில் இது சீக்கிரமே வருகிறது. அதைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, மறுபடியும் ஓடவைக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஓடும், ஆனால் வேண்டாம். சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு பொருள், நெடுஞ்சாலையில் நான்கு பேரின் பாரத்தைச் சுமக்கும் காற்றைப் பூட்டி வைக்கிறது. களிம்பு பிடித்த பின்னைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதைப் போடுவதுதான் முறை. பெட்ரோலியம் கலந்த தெளிப்பு எண்ணெய்களை வால்வுக்குள் விடுவதையும் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் அவை ரப்பர் அடைப்பான்களை உப்பவைத்துக் காலப்போக்கில் கெடுத்துவிடும்.

கடை எதுவும் அருகில் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் ஒரு வழி உண்டு. ஷ்ரேடர் வால்வின் பின் ஒரே அளவுத் தரத்தில் செய்யப்படுவதால், ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள், கார் ஆகியவற்றின் பின்கள் பொதுவாக ஒன்றுக்கொன்று பொருந்தும். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியின் பின்னைக் கழற்றி இதில் போட்டுக்கொண்டு ஊர் வந்து சேரலாம். பிறகு ஸ்டெப்னிக்கு மறக்காமல் ஒரு பின் வாங்கிப் போட்டுக் காற்றும் நிரப்பிவிட வேண்டும். ஏர் கண்டிஷனர் பழுதுபார்ப்பவர்களிடம் இருக்கும் பின்னும் பார்வைக்கு இதே போலத்தான் இருக்கும். ஆனால் அதன் அடைப்பான் குளிர்ப்பான வாயுவுக்காகச் செய்யப்பட்டது. டயருக்கு டயர் பின்னையே போடுங்கள்.

புதுப் பின்னை முதலில் விரலாலேயே மரையில் ஏற்றி, அது வளையாமல் நேராக இறங்குகிறது என்று உறுதி செய்துகொண்டு, பிறகு சாவியால் மெல்ல இறுக்க வேண்டும். வளையம் உட்கார்ந்த உணர்வு கையில் தெரிந்ததும் இன்னும் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால் போதும். பலமாக முறுக்கினால் வளையம் நசுங்கும், பித்தளை மரையும் தேயும். சரியாக இறங்கிய பின்னின் ஊசி முனை, தண்டின் வாயோடு ஏறக்குறைய சமமாக நிற்கும். அது வெகுவாக உள்ளே போயிருந்தால், மேலே சொன்னபடி கம்ப்ரசர் முனை அதைத் தொடாது. காற்றடித்த பிறகு வால்வின் வாயில் ஒரு துளி சோப்பு நீரை வைத்துப் பாருங்கள். நடுவிலிருந்து குமிழி வந்தால் பின் கசிகிறது. தண்டைப் பக்கவாட்டில் மெல்ல வளைக்கும்போது அடியிலிருந்து குமிழி வந்தால், பின்னில் எந்தக் குற்றமும் இல்லை, தண்டின் ரப்பர் வெடித்திருக்கிறது.

தண்டு வேறு விதமான பிரச்சினை. சாதாரணக் கார்களில் ரிம்மில் உள்ள ஏறக்குறைய 11.3 மில்லிமீட்டர் துளைக்குள் இழுத்துச் செருகப்படும் ரப்பர் வால்வுதான் இருக்கிறது, கடைகளில் டி.ஆர். 413, டி.ஆர். 414 என்ற எண்களில் விற்பது இதுவே. ரப்பர் வெயிலாலும் வெப்பத்தாலும் காற்றிலுள்ள ஓசோனாலும் மூப்படைகிறது. ஓசோன் ரப்பரில் மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். அதைத் தடுக்கும் பொருள் கலவையில் போதிய அளவு இல்லாவிட்டால் புது வால்வே சில மாதங்களில் வெடிக்கும். 2006இல் சீனாவில் தயாரான இத்தகைய ரப்பர் வால்வுகளில் இந்தக் குறை கண்டறியப்பட்டு, 2008இல் அமெரிக்காவில் பெருமளவில் திரும்பப் பெறப்பட்டன. ஆகவே புதியது என்பதற்காக ஒரு தண்டை நம்பிவிட முடியாது. விரலால் வளைத்து, அடியில் விரிசல் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். டயரைக் கழற்றாமல் தண்டை ஒழுங்காக மாற்ற முடியாது; டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து விலக்க இயந்திரம் வேண்டும். எனவே புது டயர் போடும் ஒவ்வொரு முறையும் தண்டையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கூலி கூடப் போவதில்லை, பழைய தண்டு புது டயரின் ஆயுள் முழுவதும் தாங்கும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஒட்டுப் பசையாலோ டேப்பாலோ தண்டை அடைத்துக்கொண்டு ஓட்டுவதை ஒருபோதும் செய்ய வேண்டாம்.

தண்டு அடைபட்டுப்போவதற்கு இப்போது அடிக்கடி காணப்படும் காரணம், பஞ்சரை அடைப்பதற்காக வால்வின் வழியே செலுத்தப்படும் திரவம். 2020இல் இந்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, டியூப்லெஸ் டயரும், டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பும், பஞ்சர் அடைக்கும் பெட்டியும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றாயிற்று. அதனால் இந்தத் திரவத்தைப் பயன்படுத்துவோர் தொகை இனியும் கூடவே செய்யும். அந்தத் திரவம் துளையை அடைப்பது போலவே வால்வு பின்னையும் அடைக்கும். உலர்ந்ததும் ரப்பர் போலாகி ஊசியைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட வால்வில் பின்னை மாற்றுவதோடு, தண்டின் உட்புறத்தையும் மெல்லிய மரக்குச்சியாலோ பஞ்சு சுற்றிய கம்பியாலோ துடைத்தெடுக்க வேண்டும். திரவத்தைச் செலுத்தும்போதே வால்வு சக்கரத்தின் மேற்பகுதியில் இருக்கும்படி வண்டியை நகர்த்திக்கொண்டால், திரவம் வால்வை நோக்கித் திரும்பி வழிவது குறையும்.

கம்பியை உள்ளே விடும் முன் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காரின் முகப்புத் திரையில் ஒவ்வொரு சக்கரத்தின் அழுத்தமும் தனித்தனி எண்ணாகத் தெரிகிறது என்றால், வால்வின் அடியில் ரிம்முக்குள் ஓர் உணர்கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. வெளியே நட்டு போட்ட உலோகத் தண்டு இருந்தாலும் அப்படியே கொள்ளலாம். ரப்பர் தண்டிலும் உணர்கருவி இருப்பதுண்டு. கம்பியால் குத்தினால் அதன் நுண்துளை பாழாகும், அதன் விலையோ வால்வின் விலையைப் போலப் பல மடங்கு. அந்த உலோகத் தண்டுகள் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவை. அவற்றில் சாதாரணப் பித்தளைப் பின்னைப் போட்டால், ஈரம் பட்டதும் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு ஏற்பட்டு, பின் தண்டோடு ஒன்றாக இறுகிவிடும். பிறகு கழற்ற முயலும்போது தண்டே முறியும். ஆகவே அவற்றுக்கு நிக்கல் பூசிய பின்தான் போட வேண்டும், மூடியும் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். அழகுக்காகப் போடும் உலோக மூடிகள் தண்டோடு இறுகிப்போய் வால்வையே திறக்க முடியாமல் செய்துவிடுவதைப் பஞ்சர் கடைக்காரர்கள் நன்கு அறிவார்கள். மூடி இறுகியிருந்தால் பலம் கொண்டு திருகாதீர்கள். ரப்பர் தண்டாக இருந்தால் மூடி திரும்புவதற்கு முன் தண்டு அடியில் கிழிந்துவிடும்.

இனி, முள் நகரவே இல்லை என்ற இரண்டாவது வகை. மோட்டார் இலகுவாக ஓடுகிறது, டயர் எழவில்லை என்றால், காதை ரிம்முக்கு அருகில் கொண்டுபோய்க் கேளுங்கள். நீண்ட நாள் காலியாக நின்ற வண்டியில், டயரின் ஓரம் ரிம்மை விட்டு விலகி, அந்த இடைவெளி வழியாகக் காற்று வெளியேறிக்கொண்டிருக்கும். ஜாக்கியில் தூக்கி எடையை நீக்கினால் சில சமயம் டயர் தானாகவே ரிம்மை நோக்கி விரியும். ஓரத்தைச் சுற்றிச் சோப்பு நீர் தடவி, டயரின் சுற்றளவில் ஒரு நாடாவை இறுக்கிக் கட்டினால், நடுப்பகுதி அமுங்கி ஓரங்கள் வெளியே தள்ளப்பட்டு ரிம்மைத் தொடும். வால்வு பின்னைக் கழற்றிவிட்டுக் காற்றடித்தால் காற்று வேகமாக நுழைவதால் இதற்கு உதவும்; ஓரம் உட்கார்ந்த பிறகு பின்னைப் போட்டுக்கொள்ளலாம். சிறு கம்ப்ரசரின் காற்று வேகம் இந்த வேலைக்குப் பெரும்பாலும் போதாது, கடையிலுள்ள பெரிய கம்ப்ரசரே வேண்டும். ஓரம் உட்காரும்போது பலத்த சத்தம் வரும், 40 பி.எஸ்.ஐ. வரை போயும் உட்காரவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். எரியும் தெளிப்பானை டயருக்குள் அடித்துத் தீ மூட்டி ஓரத்தை உட்காரவைக்கும் காணொளிகளைப் பார்த்து யாரும் அதை முயல வேண்டாம். டயர் வெடித்து உயிர் போகக்கூடிய செயல் அது.

காற்றில்லாமல் நின்ற டயருக்கும், காற்றில்லாமல் ஓட்டப்பட்ட டயருக்கும் வேறுபாடு உண்டு. கொஞ்ச தூரமானாலும் காலியாக ஓட்டியிருந்தால், பக்கச் சுவர் மடிந்து தேய்ந்து, உட்புறம் ரப்பர்த் தூளாக உதிர்ந்திருக்கும். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அந்த டயரைக் கழற்றி உட்புறத்தைப் பார்க்காமல் காற்றடிக்கக் கூடாது.

டியூப் போட்ட சக்கரமாக இருந்தால், தண்டு ரிம்மின் துளையில் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் குறைந்த காற்றில் ஓடியபோது டியூப் உள்ளே நகர்ந்திருக்கிறது. தண்டு அடியில் கிழிந்திருக்கவும் வாய்ப்புண்டு. அதை வால்வு வேலையாக எண்ணி நேரம் செலவிடாமல் டியூபைக் கழற்றிவிடுவதே நல்லது.

எல்லாம் சரியாகிக் காற்று ஏறிய பிறகு, எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதை ஓட்டுநர் கதவின் ஓரத்திலோ அங்குள்ள தூணிலோ ஒட்டியிருக்கும் அட்டவணையில் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவே தவிர, உங்கள் காருக்கு வேண்டிய அளவு அன்று. மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்த நிலையில் மீண்டும் அளந்து பாருங்கள். வெப்பம் ஏறக்குறைய 5 முதல் 6 டிகிரி செல்சியஸ் மாறினாலே அழுத்தம் 1 பி.எஸ்.ஐ. அளவுக்கு மாறும் என்பதால், மாலையில் சூடாக இருந்தபோது அளந்ததைவிட ஒன்றிரண்டு குறைந்திருந்தால் கவலை வேண்டாம். மூன்று, நான்கு என்று குறைந்திருந்தால் வால்வின் வாய், அடி, டயரின் ஓரம், மிதிபரப்பு என்று வரிசையாகச் சோப்பு நீரைத் தடவிக் கசிவைத் தேடுங்கள். உங்கள் வண்டி சில வாரங்கள் நின்றபோது காற்று முதலில் எதனால் இறங்கியது என்ற கேள்விக்கான விடையும் அந்தத் தேடலில்தான் கிடைக்கும். மிதிபரப்பில் ஒரு சிறு ஆணி இருந்தால், புது வால்வு பின் அதற்கு ஒன்றும் செய்யாது.